இருபத்திரண்டு அங்குலம்

கடையில் விற்கிற பஞ்ச் எல்லாம்
உள்ளங்கைக்கு அளவெடுத்தவை.
ஆறு அங்குலம், மிஞ்சினால் எட்டு.
சனூஸின் லொறிக்கு அடியில் படுத்துப் பார்க்கிறேன்:
ஷக்கிள் ஆணி
சட்டத்துக்கு அப்பால், ஒரு முழத்துக்கும் அப்பால்,
துருவுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
சம்மட்டி அங்கே போகாது.
போனாலும் வீச இடமில்லை.

மேலே பெட்டிகளில் கீரி மீன்.
ஐஸ் உருகி
என் கழுத்தில் சொட்டுகிறது.

"தங்கச்சி, பத்து மணிக்குள்ள கந்தளாய் தாண்டணும்."
சித்திரையில் செய்த கிளட்ச் வேலைக்கு
ஏழாயிரத்து ஐந்நூறு
இன்னும் சுவரில், சோக்கட்டி எழுத்தில்.
அந்தச் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான்
அவன் எப்போதும் நிற்பான்.

கொங்கிறீட் கம்பியை வெட்டி எடுத்தேன்.
முதல் அடியில் வணங்கியது,
இரண்டாவதில் விழுந்து கும்பிட்டது.
பழைய இஞ்சினின் புஷ்ரொட் நேராகத்தான் இருந்தது.
உள்ளே வெறுமை. கரும்புச் சக்கையாய் மடிந்தது.
ஸ்க்ரூ டிரைவரைப் பற்றிச் சொல்லமாட்டேன்.
அது என்னுடையது.

பழைய இரும்புக் குவியலில் கைவிட்டபோது
ஓர் ஆட்டோ அக்சில் தட்டுப்பட்டது.
எத்தனை வருசம் உவர்மலை ஏறி இறங்கியதோ,
எத்தனை பேரைச் சுமந்து சுழன்றதோ.
லேத்தில் பூட்டினேன்.
நீலச் சுருள்கள் செருப்பைச் சுற்றி விழுந்தன.
மெலிவு கடைசி நாலு விரலுக்கு மட்டும்.
முழுக்க மெலிந்தால் அடி நுனிக்குப் போய்ச் சேராது,
நடுவில் எங்கேயோ நெளிந்து தீர்ந்துபோகும்.

நுனியைச் சூடாக்கினேன்.
ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் பக்கத்தில்.
சிவப்பு ஏற ஏற
காந்தம் இரும்பை மறந்தது.
மறந்த கணத்தில் கறுப்பு ஒயிலுக்குள் இறக்கினேன்.
ஒரு மூச்சு. புகை.
பிறகு தேய்த்து, பின்னாலிருந்து மெல்ல அனல் காட்ட
வைக்கோல் வந்தது, தேன் வந்தது,
கத்தரிப்பூ வந்தது. அங்கே நிறுத்தினேன்.
பானைக்கு ஒரு சோறு, இரும்புக்கு ஒரு நிறம்.

தலையைத் தொடவில்லை.
அடி வாங்கும் பக்கம் இளக்கமாகவே இருக்கவேண்டும்,
இல்லையென்றால் சிதறும், கண்ணுக்குள்.
கொடுக்கும் பக்கத்துக்கு மட்டும் கடுமை.
இதை வாழ்க்கையோடு முடிச்சுப் போட எனக்கு நேரமில்லை.
ஐஸ் கரைகிறது.

பிடிக்க ஆள் வேண்டும்.
திவாகரன் நிலாவெளியில் கலியாண வீட்டில்.
சனூஸ் சாரத்தை மடித்துக்கட்டி உள்ளே தவழ்ந்தான்.
இரண்டு கையாலும் பற்றினான்.
முனை ஆணியில்,
தலை லொறிக்கு வெளியே, என் பக்கம்.
கொடுத்தவளும் கடன்காரி,
வாங்கியவனும் கடன்காரன்.
ஒரே இரும்பின் இரண்டு முனையில் நாங்கள்.

நான் எதுவும் கேட்கவில்லை.
நாலு இறாத்தல் சம்மட்டியை ஓங்கியிருந்தேன், அவ்வளவுதான்.
"இந்த மாசக் கடைசிக்குள்ள தாறன்" என்றது
லொறிக்கு அடியிலிருந்து ஒரு குரல்.
"கைய ஆட்டாதீங்க" என்றேன்.

எட்டு அடியும் ணங் என்றன.
ஒவ்வொன்றுக்கும் அவன் கண்ணை மூடினான்,
கையைத் திறக்கவில்லை.
ஒன்பதாவது
ணக் என்று விழுங்கியது.
எனக்கு முன்னால் அவனுக்குத்தான் தெரிந்தது,
உள்ளங்கை வழியாக.
"அசையுது, அசையுது, விடாத!"
தாடி முழுக்கத் துருத்தூள்,
நடுவில் ஒரு சிரிப்பு.

புது ஆணி, கிறீஸ், சில்லு.
பத்து இருபத்தைந்துக்குப் புறப்பட்டான்.
கந்தளாயை எப்போது தாண்டினானோ தெரியாது.
பேப்பரில் சுற்றிய இரண்டு கிலோ கீரி
வைஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

பின்னேரம்
உட்துறைமுக வீதியால் போன மான் ஒன்று
கேட்காமல் உள்ளே வந்தது.
கடற்காற்று ஊறிய சுவர் அதற்கு உப்பு.
நக்கிக்கொண்டே போய்
ஐந்தையும் இரண்டு சுழிகளையும் தின்றுவிட்டு
ஏழை மட்டும் விட்டுப்போனது.

ஏழுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து
பஞ்சைத் தொங்கவிட்டேன்.
தலை கொஞ்சம் காளான் விரித்திருக்கிறது,
நாளைக்குத் தேய்க்கவேண்டும்.
மிச்ச இலக்கங்கள்
எனக்கு மனப்பாடம்.