அச்சில் வார்த்தாற்போல்

அச்சில் வார்த்தாற்போல் என்று யாராவது சொன்னால்
அச்சைத் தொட்டறியாத வாய் அது என்று
எனக்குத் தெரிந்துவிடும்.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பீட்டர்மாரிட்ஸ்பர்க், சர்ச் தெரு, இரண்டாம் மாடி.
யாரோ ஒருவரின் ஈறு
வெள்ளைச் சாந்தில் பதிந்து என் மேசைக்கு வரும்.
சாந்து இம்மியளவு வீங்கும்
பிசின் இம்மியளவு சுருங்கும்
இரண்டுக்கும் நடுவே
மிஸஸ் அப்பல்சாமி ஆட்டுக்கறி மென்றாக வேண்டும்.

இரவில் நார்த்டேல் வீட்டின் கராஜ்.
முன்னூற்றெட்டின் காலிக் கூடுகள் ஐம்பது
போன சனிக்கிழமை சுட்டவை.
வெடித்த கணத்தில்
என் துப்பாக்கியின் அறை எவ்வளவோ அவ்வளவுக்கு
உப்பி நின்றுவிட்டவை.
அதே அறைக்குள் இன்னொரு முறை நுழைய
கொஞ்சம் ஒடுங்க வேண்டும்.
கொஞ்சம் என்றால்
தோளில், அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் இரண்டு.

விரல் நுனியில் மெழுகு எடுத்து
உடம்புக்கு மட்டும் தடவுகிறேன்.
தோளில் பட்டால் மெழுகுக்கு ஒதுங்க இடமில்லை
பித்தளையில் அம்மைத் தழும்பாய்க் குழி விழும்.
கைப்பிடியை இறக்கினால்
கூடு அச்சுக்குள் ஏறும். உயர்த்தினால் இறங்கும்.
துடைத்து, வெர்னியரில் வைத்து, படிக்கிறேன்.

இரண்டு.
இரண்டு.
மூன்றரை.
ஒன்று.
இரண்டு.
ஒன்றுமே இல்லை.

ஒரே அச்சு, ஒரே திருகு, ஒரே கை.
அச்சைத் திட்டினேன்.
திருகைக் கால் சுற்று இறுக்கினேன், இன்னும் மோசம்.
ஐந்து முறை சுட்ட பித்தளை
மேலாளர் அறையை விட்டுப் போனதும் நிமிரும் முதுகைப்போல
அமுக்கும்வரை அமுங்கி
விட்டதும் தன் அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது.
போன வாரம் வெஸல்ஸிடம் ஊதுவிளக்கு வாங்கி
ஒவ்வொரு கழுத்தாய்த் தீயில் உருட்டி இளக்கியிருந்தேன்.
அதில் பாதி கோபம்தான் போயிருக்கிறது.

இருபத்தெட்டாவது கூட்டில் கரண்ட் போனது.
எட்டு மணி மின்வெட்டு, சொன்ன நேரத்துக்கு.
செட்டி வீட்டு ஜெனரேட்டர் இருமிப் பிடித்தது
மூன்று தெரு நாய்களும் அதற்குப் பதில் சொல்லின.
போனில் ஒன்பது சதவீதம், விளக்குக்குத் தர மனமில்லை.

இருட்டில் கை தடவித் தடவிப் போனது.
கைப்பிடி அடி தொட்டதா என்று தெரியவில்லை
அதனால் அங்கேயே அழுத்திக்கொண்டு
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.
சந்தேகம்.
கூட்டை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடியும்
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து.
இப்படி இருபத்திரண்டு.
தனியாக ஒரு ஐஸ்க்ரீம் டப்பாவில் போட்டேன்
கெட்டுப்போனவை என்று நினைத்து.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தது. வெர்னியரை எடுத்தேன்.
இரண்டு இரண்டு இரண்டு இரண்டு
நம்பாமல் வெர்னியரை மூடித் திறந்து
இரண்டு இரண்டு
ஒன்றே ஒன்று மட்டும் இரண்டரை.

வெளிச்சத்தில் என் கண்
எப்போதும் அடுத்த கூட்டின் மேல் இருந்திருக்கிறது.
பித்தளை சரி என்று சொல்லும் முன்பே
கை மேலே வந்துவிட்டிருக்கிறது.

சனிக்கிழமை, ஊருக்கு வெளியே, காய்ந்த புல் மேடு.
முந்நூறு மீட்டர். ஐந்து குண்டு.
நான்கை ஒரு தீப்பெட்டியால் மூடலாம்.
ஐந்தாவது இடப்பக்கம் நான்கு விரல் தள்ளி.
அது பித்தளையின் குற்றமில்லை
விசை இழுக்கும்போது தலைக்கு மேல் ஹடேடா கத்தியது
நான் திடுக்கிட்டேன்.
வெஸல்ஸ் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்
என்ன மாற்றினாய் என்றார்.
கரண்ட் போச்சு என்றேன்.

மீதி இருபத்தெட்டும் மறுபடி அச்சுக்கு.
இன்றிரவு மின்வெட்டு கிடையாதாம்.
மெழுகு தடவி, வரிசையாய் நிறுத்தி,
எழுந்துபோய்
சுவிட்சை நானே அணைக்கிறேன்.