கையிருப்பு

ஜனவரி. கண்ணாடிக் கதவு உள்பக்கமும் உறைந்திருந்தது.
தபால் நிலையம் திறந்து அரைமணிகூட ஆகவில்லை.
லீலண்ட் டோர்விக் வந்தார்,
பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டாமல், கையில் கடிதம் எதுவும் இல்லாமல்.
"வெர்னா, உன் தராசு சரியாக நிறுக்குமா?"

கோட்டின் உள்பையிலிருந்து ஒரு டப்பி.
கத்தரிப்பூ நிறத்தில் நாடா,
அதன் நுனியில் இதயமாக வெட்டிய உலோகம்,
நடுவே பக்கவாட்டில் திரும்பிய பொன்முகம்,
யாரையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டாத வசதியோடு.

இந்த ஊருக்கு முப்பது வருடம் கடிதம் பிரித்தவள் நான்.
அவர் டிரக்கின் எண்பலகையில் அந்த இதயம் உண்டென்று தெரியும்.
டப்பியை இன்றுதான் பார்க்கிறேன்.

ஒன்றரை அவுன்ஸ், என்றேன்.

"என்னைவிட மூன்று வயது மூத்தது."
நாற்பத்தைந்தில் அடித்தார்களாம்,
ஜப்பானில் இறங்கப்போகிற பையன்களுக்கு.
எத்தனை பேர் கிழிபடுவார்கள் என்று
எவரோ பென்சிலால் கூட்டிப் பார்த்து
ஆலைக்கு ஆர்டர் போட்டார்.
இறங்கவில்லை. போர் முடிந்தது.
பெட்டி பெட்டியாக மிஞ்சியது.
"என் அம்மா என் அப்பாவோடு முதல் நடனம் ஆடுமுன்பே
என் காயம் கிடங்கில் தயார், வெர்னா,
அலமாரி எண்ணோடு.
நான்தான் தாமதம்."

காயம் எங்கே என்று நான் கேட்கவில்லை.
முதுகில், என்றார். இடுப்புக்குச் சற்று மேலே.
ஓடவில்லை. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்திருந்தார்.

விழுப்புண்ணா, புறப்புண்ணா?
அந்த உலோகத்துக்குப் பிரிக்கத் தெரியாது.
ரத்தம் வந்ததா, எதிரியின் இரும்பா,
மருத்துவர் கையெழுத்து இருக்கிறதா,
அதற்கு மேல் அது கேட்பதில்லை.

பக்கத்தில் நின்ற ஆகி பெல்க்கிக்கு
ஒரு கீறல்கூட இல்லை.
மொன்டானாவுக்குத் திரும்பினான்.
ரயில்வேயில் ஆறு மாதம் வேலை பார்த்தான்,
பிறகு சுவரைப் பார்த்தான்,
ஒரு மார்ச் மாதம் கராஜ் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டான்.
அவனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு ஒரு மாத்திரைப் புட்டியைத் திறந்தார்.
உள்ளே கறுப்பாய் ஒன்று,
எள்ளைவிடப் பெரிது, மிளகைவிடச் சின்னது.
போன வியாழன் குளிக்கும்போது வெளியே வந்ததாம்,
நாற்பத்தொரு வருடம் சதைக்குள் நடந்து
இடது விலாவோரம் பருபோலத் தலைகாட்டி.
"இதையும் வை."

தராசு பூஜ்யம் என்றது.
தட்டைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
பூஜ்யம்.

அந்த எண்ணை அவர் பார்த்த மாதிரி
மருத்துவமனையில் சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.
"ஒவ்வொரு பனிப்புயலுக்கும் ஒருநாள் முன்னாலேயே
எனக்குச் சொன்னது இதுதான்," என்றார்.
"அந்த இன்னொன்று டிராயரில் தூங்கியது."

பெல்க்கிக்கு ஒரு தங்கை. டோரீன், ஹாவர் நகரம்.
டப்பி அவளுக்குப் போக வேண்டும்.
பதிவுத் தபால் என்றால் மதிப்பு எழுத வேண்டும், விதி, என்றேன்.
"கட்டத்தில் எவ்வளவு இடம்?"
தாராளமாக இருக்கிறது.
"காலியாக விடு."
காலியாக விட முடியாது, லீலண்ட்.
"அப்படியானால் நீயே எழுது.
அந்தப் பென்சில்காரரும் என்னைக் கேட்கவில்லை."

எழுதினேன், அவர் கதவைத் தாண்டிய பிறகு.
என்ன தொகை என்று சொல்ல மாட்டேன்.
ரசீது நகல் கோப்பில் இருக்கிறது.

டிரக் இரண்டு முறை இருமிக் கிளம்பியது.
வரிசையில் அடுத்து திருமதி ஓஸ்ட்பி,
பேரனுக்குப் பின்னிய கையுறைகளோடு.
பொட்டலத்தைத் தட்டில் வைக்கப் போனாள்.

கொஞ்சம் பொறுங்கள், என்றேன்.
தட்டில் அது இன்னும் கிடந்தது.
எண் பூஜ்யத்திலேயே நின்றது.