மை மீ கா

பொட்டாஷ் டார்கெட் முடித்த நாற்பத்திரண்டு டீலர்களில்
சேலை நான் ஒருத்திதான்.
ஐந்து பகல், நாலு ராத்திரி, பாங்காக்.
கம்பெனிப் பையன் போனில் இழுத்தான்:
"சாரோட பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வேணும்ங்க."
சார் போய் மூன்று வருஷம் ஆகிறது, தம்பி.
கடை போர்டில் இருக்கிற வேலப்பன் அவர்தான்.
பூம்பாறையில் பாதிப் பேர் அதைக்
கோயிலில் நிற்கிற சாமி என்று நினைத்திருக்கிறார்கள்.
நான் திருத்துவதில்லை.

அன்றைக்கே செல்போனில் பாடம் இறக்கினேன்.
கட்டைக்குரலில் ஒருத்தர் சொல்வார், பின்னாலேயே நான்.
சவாதி கிராப். கொப்குன் கிராப். தாவ்ராய் கிராப்.
வணக்கமோ நன்றியோ என்ன விலையோ
எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கிராப்.
முடி வெட்டிக்கொள்ளாமல் அந்த ஊரில்
ஒரு வாக்கியமும் வீட்டைவிட்டுக் கிளம்பாது போல.

கவுஞ்சி பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.
"என்னக்கா முணுமுணுக்கறீங்க?"
"தாய் மொழி."
"அதத்தானே பேசிட்டிருக்கோம்?"
"இது வேற தாய்."

மையில்தான் மாட்டிக்கொண்டேன்.
மேலிருந்து இறக்கினால் மை, இல்லை.
கீழிருந்து ஏற்றினால் மை, கேள்வி.
தரையோடு தவழ்ந்தால் அதே மை, புதுசு.
டிரைவர் வளைவுக்கு வளைவு கியர் மாற்ற
நானும் தொண்டையில் மாற்றிப் பார்த்தேன்.
ஒரே ரோடுதான். ஏறும்போது ஒரு சத்தம்,
இறங்கும்போது ஒரு சத்தம்.
இது மலைக்காரிக்கு வராமல்
மதுரைக்காரிக்கா வரும்?

எட்டாம் நாள், நாலாவது பாடத்தில்
ஏதோ சில்லறைச் சமாசாரம் போலச் சொன்னார்:
ஆண் பேசினால் கிராப். பெண் பேசினால் கா.

ஏழு நாளாக நான் ஆம்பிளையாகக் கும்பிட்டிருக்கிறேன்.
ஆம்பிளையாக விலை கேட்டிருக்கிறேன்.
கக்கூஸ் எங்கே என்றுகூட
மீசையை முறுக்கித்தான் விசாரித்திருக்கிறேன்.
பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.
பள்ளங்கி தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

லைசென்ஸ் என் பேருக்கு மாறி இரண்டு வருஷம்.
பில் இன்னும் 'திரு'வுக்கே வருகிறது.
லோடு இறக்க வருகிறவன்
என் தலைக்கு மேலே பார்த்துக் கேட்கிறான், ஓனர் இல்லியா?
ஒரு பாஷையிலாவது
வாக்கியம் முடிகிற இடத்தில் நான் இருக்கிறேன்.
ஓர் எழுத்து. தகரக் கூரைமேல் காக்காய்க்குத்
தெரிந்திருந்த அதே எழுத்து.

அப்புறம் கடையிலேயே பழகினேன்.
பரமையா வந்தார், யூரியா இருக்கா என்றார்.
"மை மீ கா."
"என்னது?"
"இல்லேங்க, ஸ்டாக் இல்லே."
"இல்லேங்கறத இவ்வளவு மரியாதையா
ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்லே தாயி."
சந்தோஷமாகிப் போய்க் கால் கிலோ பீன்ஸ் விதை எடுத்தார்.
நான் கடன் நோட்டைப் பிரித்தேன்.
நாலாயிரத்து முந்நூறு, போன பூண்டுப் பட்டத்தில் வாங்கியது.
நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
கைகூப்பி, தலைசாய்த்து,
"மை மீ காசு" என்றார்.

அதற்குமேல் என்ன கேட்பது.

மூன்றாம் நாள் மற்ற நாற்பத்தோரு பேரும்
எங்கேயோ போகிறார்களாம். எங்கே என்று
யாரும் என் காதுபட முழுசாகச் சொல்வதில்லை.
நான் சந்தைக்குப் போகிறேன்.
விமானத்தில் பூண்டு கொண்டுபோனால் வம்பு என்றார்கள்.
நம்மூர்ப் பூண்டு ஒன்றைத் தராசுமேல் வைத்துப்
போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.
அதைக் காட்டுவேன். கிரதியம் தாவ்ராய் கா?
கேட்டுவிடுவேன், அது பயமில்லை.
அவள் சொல்லும் விலை
இருபதுக்கு மேலே போனால் எனக்கு எண்ணத் தெரியாது.

இன்னும் நாலு நாள் இருக்கிறது.
லோடு லாரி வர அரைமணி.
இருபத்தொன்று, யீ சிப் எட்.
இருபத்திரண்டு