கோட்டின் உள்பை

வில்னியஸில், நாட்டின் அருங்காட்சியகத்தில்,
பழந்துணிக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை.
கொடிகள், பாதிரி அங்கிகள்,
ஏதோ ஒரு பிரபுவின் காலுறை, ஒற்றை.

நவம்பரில் வந்தது கேப்டன் ரேக்லிஸின் கோட்டு,
அந்துப்பூச்சி அரித்து.
அவரைத் தெரியாதவர் எங்களில் இல்லை.
சோவியத் படையை எதிர்த்து
காட்டில் ஐந்து குளிர்காலம்,
நிலத்தடிக் குழியில் கடைசி விடியல்.
இடது மார்பில் ஓட்டை. சுண்டுவிரல் நுழையும்.
நுழைத்துப் பார்த்தேன், கையுறையோடுதான்.
என் பெரியப்பாவும் அந்தக் காட்டிலிருந்து திரும்பாதவர்.
கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

வலப்பக்க உள்பை கிழிந்திருந்தது.
கிழிசல் வழியே அஸ்தருக்குள் இறங்கி
இத்தனை காலம் படுத்திருந்தது
நான்காக மடித்த ஒரு காகிதம்:

பெற்றுக்கொண்டேன்.
தையல் இயந்திரம் ஒன்று. இறகு மெத்தை இரண்டு.
குழந்தைச் சறுக்குவண்டி ஒன்று, சிவப்பு.
மாலூனு தெரு, எண் பதினான்கு, காலியான வீடு.

தேதி, ஆகஸ்ட் 1941.
கையெழுத்து அவருடையது.
பள்ளிப் புத்தகத்தில் அச்சாகிற அதே கையெழுத்து,
முதலெழுத்தின் வால் சாட்டைபோல் சுழலும்.

காலியான வீடு.
குளம் வற்றியதுபோல, பால் திரிந்ததுபோல
தானாக ஆனதாம்.
கடிகாரம் பழுதுபார்க்கும் ஹிர்ஷ் காகன்சோன்,
மனைவி ஃப்ரூமா, பிள்ளைகள் இருவர்:
ஆவணக் காப்பகத்தில் இருபது நிமிடம் தேடினால்
கிடைத்துவிடுகிறார்கள்.
மண்மேடு ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர்.
ஆணையிட்டவன் ஜெர்மானியன்.
வண்டி ஓட்டியவர், வரிசையில் நிறுத்தியவர், சுட்டவர்
இவர்களின் குடும்பப் பெயர்கள்
இன்றும் நம் தபால்பெட்டிகளில் இருக்கின்றன.

குழு கூடியது. காபி ஆறியது.
"இரண்டாம் மாடியில் வைக்கலாம்,
அதற்கென்று அங்கே அறை இருக்கிறதே"
என்றார் இயக்குநர்.
"எல்லைக்கு அந்தப் பக்கம் கைகொட்டுவார்கள்,
அவர்கள் தொலைக்காட்சியில் இனி இதுதான் ஓடும்"
என்றார் கர்னல் ஷிம்கூனாஸ்.
அதில் பொய்யில்லை.
"கோட்டையே எடுத்துவிடுங்கள்" என்றாள் இண்ட்ரே.
ஓட்டையும் பொய்யில்லையே, இண்ட்ரே.
எனக்குத் தெரிந்தது துணி மட்டும்:
அஸ்தரை உருவினால் கோட்டு நிற்காது, தொங்கும்.
ஒரே கண்ணாடிப் பெட்டி என்றேன்.
பையிலிருந்து வந்தது
பைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

கோட்டைக் கொடுத்த மகளுக்குச் சொல்ல வேண்டுமே.
பனவேஜிஸில் இருக்கிறார் எவ்கெனியா, வயது எண்பத்தாறு.
தொலைபேசியில் வாசித்தேன்.
தையல் இயந்திரத்துக்கு "ம்".
மெத்தைக்கு "ம்".
வண்டிக்கு வரவில்லை.
"சிவப்பா?"
"ஆமாம்."
"அது அப்பா எனக்கு வாங்கித் தந்தது" என்றார்.
பிறகு "வாங்கி" என்று மட்டும்
இன்னொரு முறை.
வைத்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு பார்சல். கடிதம் இல்லை.
உட்கார்ந்த இடத்தில் மட்டும் சிவப்பு தேய்ந்திருந்தது.
புரட்டினேன்.
அடிப்பலகையில் ஆணியால் கீறிய இரண்டு எழுத்து,
வலமிருந்து இடமாக.

விளக்க அட்டைக்கு அறுபது சொல் அனுமதி.
ஐந்து குளிர்காலத்துக்கே நாற்பத்தொன்று போய்விட்டது,
அதில் ஒன்றை வெட்டவும் எனக்கு மனமில்லை.
மீதியில், "காலியான" என்பதை அடித்து
"காலியாக்கிய" என்று எழுதிக் கொடுத்தேன்.
கர்னல் வெகுநேரம் பார்த்தார்.
"யார் என்று கேட்கிறதே இந்தச் சொல்."
கேட்கத்தான் செய்கிறது.
அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

தோட்டா போன ஓட்டையைத் தைக்கக் கூடாது,
அது எங்கள் தொழிலின் விதி.
உள்பைக் கிழிசலைத் தைக்கலாம்
என்கிறது அதே விதி.
ஊசியில் நூல் கோத்து வைத்திருக்கிறேன்,
செவ்வாய்க்கிழமையிலிருந்து.