மற்றும், அல்லது

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை
எண்பது நாள் கூடும் சபை.
எண்பது நாளும் நான் பிஸ்மார்க்கில்,
வார வாடகை விடுதியில்,
ஈரக் காலுறையை ஹீட்டர்மேல் காயப்போட்டுக்கொண்டு.

அட்டையில் இயக்குநர், அரசுத் தொடர்புத் துறை என்றிருக்கும்.
துறை என்பது நானும்
அரைநேர உதவியாளன் டெல்மரும்.
பல்கலைக்கழகம் வடக்கே நூற்றெண்பது கிலோமீட்டரில்,
கோதுமைத் தாளடிகளுக்கு நடுவே
ஒரு புகைபோக்கியும் சில விளக்குகளுமாய்.

கேட்டது இரண்டுதான்.
அறுபது வயதுக் கொதிகலனுக்கு மாற்று.
செவிலியர் படிப்புக்கு நான்கு ஆசிரியர்கள்.
பதினான்காம் பிரிவில் அச்சாகியும் இருந்தது:
'கொதிகலன் மற்றும் செவிலியர் கல்வி.'
அந்த ஒரு 'மற்றும்' வந்து உட்கார
பதினெட்டு மாதம் நான்
தாழ்வாரங்களில் நின்றிருக்கிறேன்.
யார் யாரோடு லிஃப்டில் ஏறுகிறார்,
யார் தனியே இறங்குகிறார்,
யாருடைய சிரிப்பு உதட்டோடு நின்றுவிடுகிறது.
பார்ப்பதுதான் வேலை. பேச்சு கொஞ்சம்தான்.

செவ்வாய் இரவு பதினொரு மணிக்கு
டெல்மர் ஒரு படம் அனுப்பினான்.
'மற்றும்' மேல் ஒரு கோடு,
ஓரத்தில் பென்சிலில் 'அல்லது'.
செனட்டர் வெர்லின் கெஸ்லரின் கையெழுத்து,
வேலிக் கம்பிபோல் சாய்ந்தது.

தலைவரை எழுப்பினேன்.
"கொதிகலன்" என்றார். யோசிக்கவே இல்லை.
"விறைத்துப் போனால் யாருக்குப் பாடம் நடத்துவது?"
சரிதான்.
சரியாக இருந்ததுதான் சங்கடம்.

எனக்கு ஒன்று தெரியும்.
வெள்ளிக்கிழமைகளில் கெஸ்லரின் கார்
எந்தச் சிற்றூர் மருத்துவமனை வாசலில் நிற்கும்,
பேச்சிழந்த தம்பி எந்தக் கட்டிலில்,
ஆள் இல்லாமல் அங்கே
எந்த வார்டை மூடப்போகிறார்கள்,
ராத்திரியில் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பவள்
எங்கள் மாணவி.
போட்டால் ஜெயிக்கும் சீட்டு.
விடிய விடியக் கையில் வைத்திருந்தேன்,
வியர்வையில் ஓரம் நைந்துவிட்டது.
காலையில் கோட்டுப் பைக்குள் தள்ளினேன்.
நல்லவள் என்பதாலா?
அடுத்த கூட்டத்தொடரிலும்
அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும் என்பதாலா?
இங்கும் 'அல்லது' வேண்டாம்,
'மற்றும்' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை எனக்கு மூன்று நிமிடம்.
எண்களைச் சொன்னேன். கெஸ்லர் தாளையே பார்த்திருந்தார்.
அப்போது எல்லோர் தொலைபேசியும் ஒருசேர அலறியது.
பனிப்புயல். நான்கு மணிக்கு நெடுஞ்சாலை மூடல்.
மேற்குத் தொகுதி லாய்ட் ட்வெட்டன் எழுந்தார்:
"என் மாடுகள் கன்று போடுகிற நேரம் இது.
திருத்தங்களை விட்டுத் தள்ளுங்கள்,
அச்சில் உள்ளபடியே நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம்."
கைகள் உயர்ந்தன,
பாதி மாட்டிய கையுறையோடு கெஸ்லரின் கையும்.
பன்னிரண்டு வினாடி ஆகியிருக்கும்.

"அபாரம்! எப்படிச் சாதித்தீர்கள்?"
தலைவரின் மின்னஞ்சல், மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
ஆண்டறிக்கையில் 'சாதனைகள்' என்றொரு கட்டம் உண்டு.
பனிப்புயல் என்றா எழுதுவது?
'உறவுகள் பேணப்பட்டன' என்று எழுதினேன்.
செயப்பாட்டு வினை தங்கமானது,
யார் என்று கேட்காது.

ஆனால் அன்று வாகன நிறுத்தத்தில்
கெஸ்லர் தன் கார்க் கண்ணாடியைச் சுரண்டி முடித்து
என் கண்ணாடிக்கு வந்தார்.
ஓட்டுநர் பக்கம் மட்டும் சுரண்டினார்.
"அந்தச் செவிலியர்கள்," என்றார், என்னைப் பார்க்காமல்,
"படித்து வெளியே வர எவ்வளவு நாளாகும்?"
"நான்கு வருடம்."
உதடு அசைய யாருடைய வயதோடோ
நான்கைக் கூட்டிப் பார்த்தார்.
தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

எனக்குத் தெரியும் என்பது
அவருக்குத் தெரியுமா?
என்ஜின் சூடேறும்வரை
கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.