அந்த ‘ங்’

காலை ஐந்து ஐம்பதுக்கு ஒலிபரப்பு திறக்கிறது.
அன்னூரிலிருந்து முதல் பஸ் நாலே காலுக்கு.
அது வராத நாளில்
மொபெட்டோடு அவள் தம்பி எழ வேண்டும்.
ஆபீஸ் வண்டி நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்.
அந்த விதியை எழுதியவர் யாரென்று
ஒருவருக்கும் தெரியாது.
பின்பற்றத் தெரியும்.

துளசிமணி, தற்காலிக அறிவிப்பாளர்.
பதினோரு வருஷமாகத் தற்காலிகம்.
மாதம் ஆறு டூட்டி.
ஏழாவது கொடுத்தால்
உரிமை என்று எதையாவது கேட்டுவிடுவாளாம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், கன்சோலில்.
எந்தக் குரல் வந்தாலும் முள் ஆடும்,
அதே சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நிற்கும்.
இதை வைத்தே ரொம்ப நாள்
எங்கள் நிலையத்தில் பேதமில்லை என்று
நம்பிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு அடுத்த டூட்டி சிவசாமி.
மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றிவிட்டுப்
பையிலிருந்து தன்னுடையதை மாட்டுவார்.
“சளி புடிச்சுக்குதுங், அதானுங்” என்பார் என்னிடம்.
சித்திரை வெயிலிலும் அவருக்குச் சளி.
வேறு ஆளுக்கு அடுத்து வந்தால்
சளி இல்லை.

சென்னையிலிருந்து படிவம் வந்தது:
சமவாய்ப்பு, பன்முகத்தன்மை, எட்டுப் பக்கம்.
நிரப்பும் வேலை என் தலையில்.
பெண்கள் என்ற கட்டத்தில் துளசிமணி.
பட்டியல் சாதியினர், துளசிமணி.
கிராமப்புறத்தவர், மறுபடியும் அவளே.
மூன்று கட்டத்தில் உட்கார்ந்தவளுக்கு
ஓய்வறையில் ஒரு நாற்காலி கிடையாது.
கையெழுத்து வாங்கப் போனேன்.
எட்டுப் பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள்.
“ஏழாவது டூட்டின்னு
ஒரு கட்டம் இருக்குதுங்களா சார்?”
பேனாவை மூடித் தந்தாள்.

அந்த வாரம் நேரலை. மஞ்சள் விலை, கொப்பரை விலை.
எப்போதும் சிவசாமி படிப்பது.
விலையை ஆம்பளை சொன்னால்தான் நம்புவார்கள் என்பது
எழுதாத இன்னொரு விதி.
அன்று அவருக்கு நிஜமாகவே சளி.

காங்கேயத்திலிருந்து ஒருவர்:
“அம்முணி, நல்லாப் பேசறீங். எந்த ஊருங்?”
“கோயமுத்தூருங்க.”
“அது செரிங், எந்தப் பக்கமுங்?”

எனக்குத் தெரியும் இந்தக் கேள்வி.
பெண் பார்க்கும்போது, நிலம் வாங்கும்போது,
குடிக்கத் தண்ணீர் கொடுக்கும் முன்
எங்கள் வீட்டில் கேட்பது.
ஊரை விசாரிப்பது போலவே இருக்கும்.
விசாரிப்பது ஊரை இல்லை.

என் விரல் ஃபேடர் மேல்.
இறக்கிவிடலாம்.
இணைப்பு துண்டிப்பு என்று
பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

“நான் மைக்குக்கு இந்தப் பக்கமுங்க.
நீங்க அந்தப் பக்கம்.
விரலி குவிண்டால் என்ன வெலைன்னு சொல்லட்டுங்களா?”

இரண்டு விநாடி முள் அசையவில்லை.
பிறகு காங்கேயம்
“சொல்லுங்” என்றது.

வீடு போகும்வரை அந்த ‘ங்’
வண்டிக்குப் பின்னாலேயே வந்தது.
எங்கள் சீமையில் அதைக் கணக்குப் பார்க்காமல் இறைப்போம்,
தொட்டில் குழந்தைக்கு, கறிக்கடைக்காரருக்கு,
தப்பாக வந்த போனுக்குக்கூட.
ஏனுங், வாங், சாப்புட்டீங்ளா.
மரியாதைக்குப் பேர் போன மண் என்ற பெருமை வேறு.

பதினோரு வருஷத்தில் டாக்பேக்கில்
நான் அவளிடம் சொன்னவை:
ரெடியா.
ஆரம்பி.
மைக்கை விட்டுத் தள்ளு.
இருமாதே.

அடுத்த டூட்டி. ஐந்து நாற்பத்தெட்டு.
பொத்தானை அழுத்தினேன்.
ஒரு மெய்யெழுத்து, தலையில் ஒரு புள்ளி,
அதைத் தூக்கத் தொண்டைக்கு
இத்தனை பாடு.

“ரெடிங்களா?”

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.
கண்ணாடி வழியே
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங் சார்,
இன்ஸ்பெக்‌ஷனுக்கு
யாராச்சும் வந்திருக்காங்ளா?”

சிவப்பு விளக்கு எரிந்தது.