நான்காவது வரிசை

திருப்பாதிரிப்புலியூர், மருந்துக்கடை மாடி.
சிப்காட்டில் வால்வு தெறித்து
முன்பல் எல்லாம் போனவர்.
பெயர் கேட்டேன். காற்று வந்தது.

எக்ஸ்ரே உறையில் அவர் மொழியை எழுதினார்:
ஐந்து வரி, வரிக்கு ஐந்து.
தொண்டையில் ஏறி உதட்டில் இறங்குகிறது.
நம் ஒரு க-வுக்கு அங்கே நாலு,
மூச்சை விட்டும் பிடித்தும்.

க வந்தது. ச, ட வந்தன.
ப கூட, எச்சில் தெறிக்க.
நான்காம் வரியில்தான்
நாக்கு சாயச் சுவரில்லை.

மெழுகில் பதித்த பல்லை மாட்டிப் பார்க்கிற அன்று
முதலில் சொன்னது
தீனாநாத்.

நாலு மெய்யும் அந்த ஒரே வரி.

கார்டில் எழுதினேன். தலையசைத்தார்:
முதல் த வேறாம், கடைசி த வேறாம்.
மறுபடி சொன்னார், மறுபடி சொன்னேன்.
முப்பத்திரண்டும் இருந்தும்
எனக்கு வரவில்லை.